வண்டியில் குறை இல்லை என்றேன்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் பாய் என்று மேலாளர் கேட்டார். காற்று சஸ்பென்ஷனில் எந்த நட்டை எத்தனை சுற்று திருப்ப வேண்டும் என்று நான் எழுதுவேன் என நினைத்திருப்பார். அதெல்லாம் வண்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. படம் போட்டு, அம்புக்குறி போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் என்னிடம் வந்து கேட்டவர்களை நான் என்ன வார்த்தை சொல்லித் திட்டினேன் என்பதை வெல்டர் தனபாலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே எழுதினால் மேலாளர் அழித்துவிடுவார்.

நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. சின்னத் தப்பு இல்லை. பத்து பஸ் அளவு தப்பு.

என் பெயர் ஜமால். நம் பட்டறை இருக்கும் தட்டாஞ்சாவடியில் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் என்னைக் கண்டுபிடிக்க முடியாது. 'பலூன் பாய்' என்றால்தான் தெரியும். பெரிய பஸ்களில் இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் உறைகளின்மேல் உடம்பு உட்கார்ந்திருக்கிறதே, அதைத்தான் நாம் பலூன் என்கிறோம். இருபத்தாறு வருடம் அதையே கட்டிக்கொண்டு அழுததால் எனக்கு அந்தப் பட்டம். ஒருநாள் முல்லா வீதியில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார். மகளுடைய பிறந்தநாளுக்கு இருநூறு பலூன் ஊதித் தர முடியுமா என்று கேட்டார். நான் பட்டறையில் இருந்தேன். என் மனைவி அவருக்கு டீ கொடுத்து, எங்க வீட்டுக்காரர் ஊதினால் உங்க மண்டபத்தில் இடம் பத்தாது என்று சொல்லி அனுப்பினாளாம்.

சரி, தப்புக்கு வருகிறேன்.

பஸ்ஸின் உடம்பு இடம் வலம் சாயாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குப் புத்தகத்தில் ஒரு வழி சொல்லியிருக்கிறது. சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்துக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் போக வேண்டும். மல்லாந்து படுத்து, சக்கர அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே எவ்வளவு உயரம் என்று இரண்டு பக்கமும் டேப் பிடிக்க வேண்டும். ஸ்டாண்டு கொடுக்காமல் பலூனை நம்பி அடியில் போனவன் வெளியே வருவது பலூனின் இஷ்டம் என்று எனக்கு முதலில் தொழில் காட்டிய ஃபோர்மேன் சொல்வார். அதில் மட்டும் நான் வேலையிலிருந்த கடைசி நாள்வரை தவறியதில்லை. ஆனால் அம்பது வயதுக்குமேல் எனக்குத் தொப்பை வந்துவிட்டது. அடியில் போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு ஜுமா தொழுகை முடிந்துவிடும். முகத்தில் கிரீஸ் வேறு சொட்டும்.

அப்போது என் மச்சான் ஒரு வழி காட்டினார். அவர் கட்டட மேஸ்திரி. கொத்தனார்கள் மட்டம் பார்க்க நீளமான தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதைக் கொண்டுவந்து பஸ்ஸின் இரண்டு பக்கமும் பிடித்தேன். இடது ஜன்னல் சட்டத்தில் ஒரு முனை, வலது ஜன்னல் சட்டத்தில் ஒரு முனை. எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துப் பலூனுக்குக் காற்று விடும் லெவல் வால்வின் லிங்க் ராடை, அந்தச் சின்னக் கம்பியை, நீட்டிவிட்டால் பலூனில் காற்று ஏறி, உடம்பு நிமிர்ந்துவிடும். கிரீஸ் இல்லை, படுக்கை இல்லை. இரண்டு பேர் நின்றபடியே வேலையை முடிக்கலாம். மற்ற பட்டறைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. இல்லை, நிறையவே கனத்துவிட்டது.

இரண்டு மூன்று வருடம் இந்தக் குழாய் வித்தை நன்றாகத்தான் ஓடியது. ஏனென்றால் பழைய தரை சப்பட்டையாக இருந்தது. ஆனால் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். வண்டி கழுவினாலும் தேங்கும். கொசு எங்களைத் தூக்கிக்கொண்டு போகாத குறை. நான்தான் முதலாளியிடம் சண்டை போட்டு, இடது சுவரோரம் இருந்த சாக்கடையைப் பார்த்துச் சரிவு வைத்துத் தரையைப் புதிதாகப் போடச் செய்தேன். சிமெண்ட் காய்ந்த அன்றைக்கு ஒரு பக்கெட் தண்ணீரை வலது மூலையில் ஊற்றினேன். அது ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஓடிப்போய்ச் சாக்கடையில் விழுந்தது. சந்தோஷத்தில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

உங்களில் கெட்டிக்காரர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வர மூன்று மாதம் ஆனது.

புதுத் தரையில் நான் மட்டம் பார்த்த முதல் வண்டி லெயோனி மதாமுடையது. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். மதாமிடம் இரண்டு பஸ் உண்டு. கோயில் பயணம், கல்யாணம் என்று வாடகைக்கு விடுவார். கணக்கான பேச்சு, நறுக்கான பேச்சு. என்னை 'முசே ஜமால்' என்பார், முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. தட்டாஞ்சாவடியில் என் பெயரைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அந்த வண்டியின் டிரைவர் கலியபெருமாள். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கரும்பு லாரியில் தொடங்கி பஸ்ஸுக்கு வந்தவர். ஐம்பத்து நான்கு வயது, அதில் முப்பது ஸ்டீயரிங்குக்குப் பின்னால்.

பின்பலூன் இரண்டையும் மாற்றி, குழாய் பிடித்து, மட்டம் பார்த்து அனுப்பினேன். ஒரே வாரத்தில் கலியபெருமாள் திரும்பி வந்தார்.

"பாய், ஓவர்டேக் எடுக்கறப்ப வண்டி சோத்துக்கை பக்கம் சாயுது. மத்த நேரம் ஒண்ணும் தெரியல. வலப்பக்கம் ஏறினா மட்டும் தள்ளிக்கினு போவுது."

குழாயைப் பிடித்தேன். தண்ணீர் அப்படியே அசையாமல் நின்றது. அவரோடு வில்லியனூர் ரோட்டில் ஒரு ரவுண்டு போய்வந்தேன். வண்டி மெத்தை மாதிரிப் போனது. நெரிசலான நேரம், ஓவர்டேக் எடுக்க இடமே இல்லை. இடது ஓரத்திலேயே போய் இடது ஓரத்திலேயே வந்தோம். ஒன்றும் இல்லை, போய்யா என்றேன். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி குழாய், மறுபடி தண்ணீர் நேராக. மூன்றாவது தடவை அவர் வரவில்லை. மதாம்தான் போன் செய்தார்.

"முசே ஜமால், பயணிங்க புகார் சொல்றாங்க. வண்டியில ஏதாவது குறை இருக்கா, இல்லையா? எனக்கு ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"வண்டியில ஒரு குறையும் இல்ல மதாம். ரெண்டு தரம் பாத்துட்டேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான்."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். மதாம் சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் குறை இல்லை என்று நாம் சொன்னால் அந்தப் பேச்சு வண்டியோடு நிற்காது. அப்படியானால் குறை யாரிடம் என்ற கேள்வி உடனே எழும். நம் வாயால் ஒரு பெயரைச் சொல்லவே வேண்டாம், அது தானாகப் போய் ஒருவன் தலையில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த பயணத்தில் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்திருந்தார். நம் ஊரில் 'சொல்தா' என்போமே, அந்த வகை. கடலூர் தாண்டி கலியபெருமாள் ஒரு லாரியை ஓவர்டேக் எடுத்தார். வண்டி வலது பக்கம் தள்ளியது. பெரியவர் அந்நேரம் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். பல்செட் கழன்று பக்கத்து சீட்டு அம்மாவின் மடியில் போய் விழுந்தது. அந்த அம்மா போட்ட கூச்சலில் பஸ்ஸே நின்றுவிட்டது. பெரியவர் மதாமுக்கு இரண்டு பக்கத்தில் பிரெஞ்சில் கடிதம் எழுதினார். அதில் டிரைவர் என்ற சொல் பதினாலு இடத்தில் வந்ததாம்.

கலியபெருமாளை வேலையை விட்டு நிறுத்துவதைத் தவிர மதாமுக்கு வேறு வழி இல்லை. வண்டியில் குறை இல்லை என்று பலூன் பாயே சொல்லிவிட்டார் அல்லவா?

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்குக் கலியபெருமாள் வண்டியைக் கொண்டுவந்து பட்டறையில் நிறுத்தினார். கிரீஸ் வைத்து, காற்று பார்த்துக் கொடுக்க வேண்டும். மூன்று மணிக்கு நாற்பது பேரோடு வேளாங்கண்ணி புறப்பட வேண்டிய வண்டி. ஆனால் ஓட்டப்போவது அவர் இல்லை. இரண்டு மணிக்குப் புது டிரைவரோடு மதாம் இங்கேயே வருவார், சாவியைக் கொடுத்துவிட்டு இவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"இனிமே யாரு பாய் எனக்கு வண்டி குடுப்பா? ஊர்ல பசங்க இப்பவே சாய்ச்சு ஓட்டுறவன்னு பேர் வச்சுட்டானுங்க. எம் மருமவனே நான் ஓட்டுற வண்டியில ஏற மாட்டேன்றான்." அதைச் சொல்லும்போதுகூட அவர் சிரிக்கத்தான் பார்த்தார். சரியாக வரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க கொழாய எடுத்துக்கினு எங்கூட எடமேடை வரைக்கும் வாங்க. அஞ்சு நிமிஷம். அங்கயும் வண்டி நேரா நின்னா, நானே மதாம்கிட்ட தப்பு எம்மேலன்னு சொல்லிட்டுப் போறேன்."

"ஏன்யா எடமேடை?"

"கரும்பு லாரி ஓட்டினப்ப தெரியும். அந்த இரும்புப் பலகை ஒரு மயிரிழை கோணலா இருந்தாலும் எடை தப்பாப் பூடும். அதனால அத அப்பிடி ஒரு மட்டமா வச்சிருப்பாங்க. இந்த ஊர்லயே நம்பக்கூடிய தரை அது ஒண்ணுதான்."

எனக்குக் கோபம் வந்தது. என் மட்டத்தைச் சந்தேகப்படுகிறான் என்ற கோபம்தான், வேறென்ன? ஆனால் போகிற ஆளின் கடைசி ஆசை. ஏறினேன்.

பக்கத்திலேயே ஒரு லாரி எடைமேடை இருந்தது. அதை நடத்தியவர் காதில் பென்சில் செருகியிருப்பார், யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். அவர் பெயரைக் கடைசிவரை நான் கேட்டதே இல்லை. காலி பஸ்ஸை ஏன் எடை போடுகிறீர்கள் என்றார். எடை வேண்டாம், நின்று பார்க்க வேண்டும் என்றேன்.

"ஏன், யோக்கியமா இல்லையான்னு பாக்கவா? மேடையில ஏர்ற வரைக்கும் எல்லா வண்டியும் யோக்கியந்தான்" என்று சொல்லிவிட்டு நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இடது ஜன்னலில் நான் பிடித்தேன், வலது ஜன்னலில் கலியபெருமாள். தண்ணீர் ஆடி அடங்கியது. என் பக்கம் சட்டத்துக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது.

"உன் பக்கம் எங்கய்யா நிக்குது?"

"சட்டத்துக்கு மேல பாய். ஒரு விரக்கடை மேல."

முனையை மாற்றிப் பிடித்தோம். குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஏதோ ஒரு சாக்கு கிடைக்குமா என்று நான் தேடியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது முறையும் அதேதான். பஸ் இடது பக்கம் இரண்டு விரல்கடை தூக்கி, வலது பக்கம் சாய்ந்து நின்றது.

நான் பிடித்த குழாயில் தண்ணீர் இருந்தது, என் மண்டையில்தான் ஒன்றும் இல்லை. பட்டறைத் தரையில் என்ன ஆனது? நான் சண்டை போட்டு வாங்கிய சரிவு. நான் பிரியாணி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடிய சரிவு. வண்டி அதில் நிற்கும்போது அச்சே இடது பக்கம் தாழ்ந்துதான் நிற்கும். உடம்பைப் பூமிக்கு நேராக்க வேண்டும் என்று நான் இடது பலூனைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறேன். வண்டி வெளியே நல்ல தரைக்குப் போனதும் அந்தத் தூக்கல் அப்படியே நிற்கும்.

வில்லியனூர் ரோட்டில் எனக்கு ஏன் தெரியவில்லை என்பதும் அங்கேயே விளங்கிவிட்டது. நம் ரோடுகள் நடுவில் உயர்ந்து, இரண்டு ஓரமும் சரிந்திருக்கும். இடது ஓரத்தில் போகும்போது ரோடு இடது பக்கம் சரிகிறது, வண்டி வலது பக்கம் சாய்கிறது. ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். ஓவர்டேக் எடுக்க நடுவைத் தாண்டி வலது பாதிக்குப் போனால், ரோடும் வலது பக்கம், வண்டியும் வலது பக்கம். கலியபெருமாள் முதல் நாளே என்னிடம் சொன்னது அதுதான். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பது வருடம் அந்த சீட்டில் உட்கார்ந்தவரின் முதுகெலும்பு சொன்னதை விட்டுவிட்டு, நான் ஒரு தண்ணீர்க் குழாயை நம்பியிருந்தேன்.

"கூடம் கோணல்தான்யா பெருமாளு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மதாமிடம் நான் சொன்னது அவருக்குத் தெரியாது. சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம். ஆனால் அவர் எடைமேடையின் இரும்புப் பலகையில் ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். எடைமேடைக்காரர் முதல்முறையாகத் தலையைத் தூக்கி, ஆட்டம் போடறதுன்னா வெளிய போய் ஆடுங்க என்றார்.

பட்டறைக்கு வந்தோம். ஸ்டாண்டு கொடுத்தேன். தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அடியில் போனேன். அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே டேப் பிடித்தேன். இப்படி அளந்தால் தரை எப்படி இருந்தாலும் கவலை இல்லை, ஏனென்றால் தரையையே நாம் கேட்பதில்லை. புத்தகம் எழுதியவன் மடையன் இல்லை என்று முகத்தில் கிரீஸ் சொட்டச் சொட்டத் தெரிந்துகொண்டேன். ஒன்றரை மணிக்கு மறுபடி மேடை ஏறினோம். தண்ணீர் இரண்டு பக்கமும் சட்டத்தோடு நின்றது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சைத்தான் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

வண்டி சரியாகிவிட்டது. இனி நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? புது டிரைவர் ஓட்டிக்கொண்டு போவார். வண்டி நூல் பிடித்த மாதிரிப் போகும். பார்த்தீர்களா, ஆள் மாறியதும் சரியாகிவிட்டது என்று ஊரே சொல்லும். என் பெயருக்கு ஒரு கீறல் விழாது. கலியபெருமாளே போய்ச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? யோசித்துப் பாருங்கள். சத்தம் போடாமல் நான் சரிசெய்த அந்த வேலையே, அவர்தான் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகிவிடும். நல்ல வேலையும் சில நேரம் ஒருவன் கழுத்தை அறுக்கும்.

சைத்தான் இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போனது. பெருமைக்காகச் சொல்லவில்லை, இரண்டு நிமிடம் இருந்தது.

இரண்டு மணிக்கு மதாம் வந்தார். கூடவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புது டிரைவர். நான் கையைக்கூடத் துடைக்காமல் எதிரில் போய் நின்றேன்.

"மதாம், உங்ககிட்ட போன்ல ஒண்ணு சொன்னேன். அது தப்பு. வண்டியிலதான் குறை. அந்தக் குறைய வச்சவனும் நான்தான். பெருமாளு மேல ஒரு தப்பும் இல்ல."

"கொமான்?" என்றார், அதாவது என்னது என்று. காதில் விழுந்ததை நம்ப முடியாதபோது அவருக்குப் பிரெஞ்சுதான் வரும்.

தரையைக் காட்டினேன். ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றியும் காட்டினேன். அது பழைய உற்சாகத்தோடு ஓடிப்போய்ச் சாக்கடையில் விழுந்தது. மதாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலோர், அப்படின்னா மூணு மாசமா?"

"மூணு மாசமா."

"இப்ப சரியாயிடுச்சு?"

"ஆயிடுச்சு மதாம். சத்தியமா."

"நீங்க போன தடவையும் இதே குரல்லதான் சொன்னீங்க, முசே ஜமால்."

அவர் சொன்னது நியாயம்தானே.

மதாம் சாவியைக் கலியபெருமாளிடம் நீட்டினார். என்னிடம் திரும்பி, "நீங்களும் ஏறுங்க. முன் சீட். வேளாங்கண்ணி வரைக்கும்" என்றார். புது டிரைவரை இன்னொரு பஸ்ஸுக்கு அனுப்பினார்.

கலியபெருமாள் சாவியை உடனே வாங்கவில்லை. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மதாம், அந்தப் பல்செட் தாத்தா வர்றாரா?"

"வர்றார். ஏன்?"

"எம் பின்னாடி சீட்ட அவருக்குக் குடுங்க."

இப்படித்தான் நான், கிரீஸ் சட்டையோடு, மாதா பாட்டு பாடும் நாற்பது பேரோடு வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டேன். யார் இந்த பாய் என்று எல்லாரும் பார்த்தார்கள். கலியபெருமாள் மைக்கை எடுத்து, "எல்லாருக்கும் வணக்கம். மூணு மாசமா வண்டி சாஞ்சுதே, சாய்ச்சவரு இவருதான். நல்லா பாத்துக்குங்க" என்றார். பஸ் சிரிப்பில் அதிர்ந்தது. ஒரு அம்மா எனக்கு முறுக்கு டப்பாவையே கொடுத்துவிட்டார். தப்பை ஒப்புக்கொண்டால் முறுக்கு கிடைக்கும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

கடலூர் தாண்டியதும் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். கலியபெருமாள் ஹாரன் அடித்து வலது பக்கம் ஏறினார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். சொல்தா தாத்தா ஒரு கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தார். பஸ் நடுவைத் தாண்டியது, டிராக்டரைக் கடந்தது, இடது பக்கம் இறங்கியது. யாருடைய தண்ணீர் பாட்டிலும் உருளவில்லை. தாத்தா மெதுவாகக் கையை எடுத்தார்.

"பா மால்" என்றார். மோசமில்லை என்று அர்த்தமாம். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் அது பதக்கம் கொடுக்கிற மாதிரி என்று பக்கத்து அம்மா விளக்கினார்.

கலியபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்ததும், தூசு பாய் என்றார். ஏசி பஸ்ஸில் ஏது தூசு? எனக்கு அவ்வளவு சந்தோஷம். எகிறிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

ஆனால் வேலை மிச்சமிருந்தது. புதுத் தரையில் நான் மட்டம் பார்த்தது பத்து வண்டி. ஒன்று நான் உட்கார்ந்திருந்தது. மற்ற ஒன்பது? போனை எடுத்தேன். பாட்டை நிறுத்திவிட்டு மொத்த பஸ்ஸும் கேட்டது. ஒவ்வொரு முதலாளியிடமும் அதையே சொன்னேன்: தப்பு என்னுடையது, வண்டியைக் கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறேன். சிலர் திட்டினார்கள். ஒருவர், ஓ, அதான் எங்க டிரைவர் ஒரு மாதிரி இருக்குன்னான் என்றார். அவருடைய டிரைவரும் சொல்லியிருக்கிறான். எல்லா டிரைவரும் சொல்லியிருப்பார்கள், யார் கேட்டோம்? ஒவ்வொரு போனும் முடிந்தபோது பின்னாலிருந்து அம்மாக்கள் ஒரே குரலில் 'ஆமென்' என்றார்கள். எட்டு ஆமென் வாங்கினேன். ஒன்பதாவது ஆள் எடுக்கவில்லை.

சீர்காழியை நெருங்கும்போது அவரே கூப்பிட்டார். வழக்கம்போலச் சொல்லி முடித்தேன்.

"வண்டியிலயா குறை?" என்றார். "எங்க டிரைவர் சேகர போன மாசமே வேலைய விட்டு அனுப்பிட்டேனே பாய். வண்டியப் பாத்துட்டு நீங்கதான ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க."

இந்த முறை யாரும் ஆமென் சொல்லவில்லை.

சேகரைத் திரும்பக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். நாளைக்கே வரச் சொல்லுங்க என்று அவனுடைய நம்பரைக் கொடுத்தார். கலியபெருமாள் என்னைக் கேட்காமலே வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். "எறங்கிப் பேசுங்க பாய். இத ஓடுற வண்டியில பேசக்கூடாது."

இறங்கினேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சேகர் வைத்திக்குப்பத்துப் பையன், அப்போது வீட்டில் இருந்தான். வேலை போனதிலிருந்து தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறானாம், அப்போதுதான் வந்தானாம். சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டான்.

"மொதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா பாய்?"

"சொல்லிட்டேன்பா. நாளைக்கே வரச் சொன்னாரு."

"அது இருக்கட்டும் பாய்" என்றான். "எங்க வீட்ல பேசறீங்களா? அவகிட்டயும் சொல்லுங்க."

போன் கை மாறியது. அவன் மனைவியிடம் முதலிலிருந்து சொன்னேன். தரை, சரிவு, குழாய் எதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது. கடைசி வரி மட்டும் புரிந்தது.

"ஒரு மாசமா இந்த ஆள நான் பேசாத பேச்சு இல்ல பாய்" என்றாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "கொஞ்சம் இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். பசங்களும் கேக்கட்டும். இன்னொரு தரம் சொல்லுங்க."

பஸ்ஸின் ஜன்னல் ஜன்னலாக அம்மாக்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ரோட்டோரத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்:

"உங்க அப்பா நல்லாத்தான் ஓட்டினாரு. வண்டியிலதான் குறை."